மலைக்கு ஒத்த மீன்

எங்கள் கல்யாணத்தில் சீர் கொண்டு வந்தவர் மாப்பிள்ளைதான். சீர் என்பது நாலடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி. அதை இறக்க என் வீட்டு வாசலில் ஆறு பேர் கூடினார்கள். ஆறு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அப்போது என் வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி தங்கைகளைக் கரையேற்றியாகிவிட்டது. மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே தோட்டத்து வீடு, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் என்று நான் பாட்டுக்கு இருந்தேன். கிள்ளானில் தங்கை வீட்டு விசேஷத்தில்தான் அவரைப் பார்த்தேன். தங்கை கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, மலைக்குக் கீழே தெலுக் இந்தானில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். பந்தியில் என் இலையில் இரண்டாவது வடையை அவர் எடுத்து வைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அதனால் நான் கீழே இறங்கவில்லை, அவர் மேலே ஏறி வந்தார். "வீட்டோட மாப்பிள்ள புடிச்சிட்டியேக்கா" என்று சலிப்புப் பகுதியில் ஒரு வாரம் என்னைச் சலித்தார்கள்.

காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரிகள் திரும்பி ஏறும்போது காலியாகத்தான் வரும். அப்படி ஒரு லோரியில் தொட்டி வந்தது. மீன்கள் அவருடைய பழைய காடியில், அதாவது காரில், வந்தன. காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள் முன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. என்னை அவர் பின் இருக்கையில் உட்காரச் சொன்னார். கல்யாணம் முடிந்து புருஷனோடு முதன்முதலாக மலையேறுகிறேன், முன்னால் மீன், பின்னால் நான். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை ஒவ்வொரு வளைவிலும் அவர் திரும்பிப் பார்த்தது பைகளைத்தான்.

தொட்டியைக் கூடத்தில், என் சிலுவையும் அவருடைய முருகன் படமும் இருந்த சுவர்ப் பலகைக்குக் கீழே வைத்தோம். மினுமினுக்கும் நியோன், வாலை விசிறிக்கொண்டு திரியும் கப்பி, தரையைத் துழாவிக்கொண்டே இருக்கும் சிறு மீசைக்காரர்கள் என்று மூன்று ஜாதி இருந்தது. மூன்றும் ஒன்றோடொன்று வம்புக்குப் போகவில்லை. அது தற்செயல் என்று நினைத்தேன். இல்லையாம்.

அது தெரிந்தது பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் நான் ஒரு தங்கமீன் வாங்கி வந்த அன்று. புருஷனுக்குப் பிடித்ததைப் புருஷனுக்கு வாங்கிக் கொடுக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. பையை நீட்டினேன். அவர் முகத்தில் சந்தோஷமும் திகிலும் ஒரே சமயத்தில் வந்ததைப் பார்த்தேன்.

"நல்ல மீனுலா" என்றார். "ஆனா இங்க போட முடியாதும்மா."

"ஏன், தண்ணியில என்ன ஆள் நெறஞ்சு போச்சா?"

"அதுக்கில்ல. இதுக்குக் குளிரு வேணும். நம்ம ஆளுங்களுக்கு வெதுவெதுன்னு வேணும். ஒண்ணா போட்டா யாராச்சும் ஒருத்தர் கஷ்டப்படணும். அதோட இதுக்கு வாய் பெருசு. வளந்துட்டா நியோன முழுங்கிரும்."

"நமக்கே ஜாதகம் பாக்கல. மீனுக்குப் பாக்குறீங்களே."

உண்மையில் எங்களுக்கு யாரும் ஜாதகம் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை, அவர் பக்கம் பார்க்கப் பெரியவர்கள் இல்லை. அவர் சிரித்தார். பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் விவரமாகப் பேசினார். சேர்க்கும் முன்னால் தண்ணீரின் சூடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் குணம் என்றார். ஒன்றின் வாய்க்குள் நுழையும் அளவில் இன்னொன்று இருக்கக் கூடாது. வாலைக் கடிக்கிற ஜாதியை நீள வால் உள்ளவற்றோடு விடக் கூடாது. கூட்டமாக வாழ்கிறதைத் தனியாக வாங்கி வந்தால் அது ஒரு மூலையில் ஒடுங்கிப் போகும். அழகாக இருக்கிறது என்று கடையில் கை நீட்டினால் வீட்டில் அழ வேண்டியதுதான் என்று முடித்தார்.

என் தங்கமீன் பின்கட்டில் ஒரு நீலத் தொட்டிக்குப் போயிற்று. மலைத் தண்ணீர், மலைக் குளிர், மேலே ஒரு கம்பி வலை. அது பாட்டுக்குத் தின்று கொழுத்தது. உள்ளே இருந்த சின்னத்துரைகளுக்குத்தான் ராஜ உபசாரம். கீழே தெலுக் இந்தானில் ஹீட்டர் என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தேவைப்பட்டதில்லை. இங்கே அவர் இரண்டு வாங்கிப் போட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு ஒயர்கள் அந்தக் காலத்துத் துரை போட்டவை. ஹீட்டரும் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் கட்டையில் சுவிட்சு இறங்கி வீடே இருண்டுவிடும். அதனால் மீன் குளிர் காயும்போது எனக்குத் தேநீர் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு.

அவருக்கும் குளிர் சுலபமாக இல்லை. காலையில் எழுந்ததும் இருமுவார். வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொள்வார். திரிங்காப்பில் ஒரு காய்கறிப் பண்ணைக்குப் பிக்கப் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. விடியலில் பனியில் கிளம்பும்போது முகம் வெளுத்துப் போயிருக்கும். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்கிறவரை எனக்குச் சமாளிக்கத் தெரியும். தம்பி தங்கைகளிடம் அதற்குத்தான் பயிற்சி எடுத்திருக்கிறேன். சொல்லாதவரை என்ன செய்வது?

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையிலேயே வீடுகள் பக்கம் மின்சாரம் போய்விட்டது. அவர் திரிங்காப்பில், எனக்குப் பிற்பகல் ஷிப்டு. கிளம்பும்போது பார்த்தேன், நியோன்கள் எல்லாம் அடியில் ஒரு மூலையில் அசையாமல் கிடந்தன. நிறம் போயிருந்தது. தொட்டியைத் தொட்டால் விரல் சில்லென்றது. இதோடு முடிந்தது என்று எனக்குப் பதறிவிட்டது.

தொழிற்சாலையில் ஜெனரேட்டர் இருக்கிறது. டிரையருக்குச் சூடு கொடுக்கும் அடுப்பு எப்போதும் எரியும். அதன் வெளிச்சுவரில் நாங்கள் கை காய்வது வழக்கம். என் புத்தி அங்கேதான் போயிற்று. மீன்களையெல்லாம் வலையால் அள்ளி மூடி போட்ட வாளியில் விட்டு, குடையும் பிடித்துக்கொண்டு தொழிற்சாலைக்குத் தூக்கிப் போனேன். அடுப்புச் சுவர் ஓரமாக, சாக்கு மறைவில் வாளியை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

தேயிலையில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். தேயிலைக்கு மூக்கு உண்டு. பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனால் நாங்கள் பவுடர் பூசக் கூடாது, பூ வைக்கக் கூடாது, சாப்பாட்டை வெளிக்கொட்டகையில்தான் திறக்க வேண்டும். இத்தனை வருஷம் புதிதாக வருகிற பெண்களுக்கு இந்தச் சட்டத்தையெல்லாம் கண்ணை உருட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

கங்காணி வாளியைத் தூக்கிக்கொண்டு சலிப்புப் பகுதி வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, இது என்னா?"

"தண்ணி."

"தண்ணியில?"

"மீனு."

அவர் வாளியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "நெத்திலி சம்பலயே வெளிய வச்சுத் தின்னுங்கன்னு நீங்கதான் சத்தம் போடுவீங்க. இப்ப உசிரோட கொண்டாந்துருக்கீங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் சல்லடைச் சத்தமே கேட்கவில்லை. நல்ல மனிதர், அதோடு விட்டார். ஆனால் வாளியை வாங்கி மூடியைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர்ச் சூட்டில் தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்திருந்தது. கப்பிகள் பெரும்பாலும் மல்லாந்து மிதந்தன. நியோன்களில் பாதி போயிருந்தன. மழைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மிச்சத்தைக் காப்பாற்றினேன்.

சாயங்காலம் அவர் வாசலில் கால் வைத்ததுமே சொல்லிவிட்டேன். என்னால் எதையும் வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்க முடியாது. அவர் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். செத்ததை ஒவ்வொன்றாக எடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. என் மேல் எனக்கு இருந்த கோபத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினேன்.

"இந்த ஊருக்கு ஒத்து வராததையெல்லாம் எதுக்கு மேல கொண்டாரணும்? கீழயே விட்டுட்டு வந்துருக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாலா" என்று மெதுவாகச் சொன்னார். தொட்டித் தண்ணீரை மாற்றப் போய்விட்டார்.

சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அது எங்கே போய் விழுந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. இந்த ஊருக்கு ஒத்து வராமல், இருமிக்கொண்டு, காலுறையோடு, என் வீட்டில் நின்றுகொண்டிருந்தது மீன் மட்டும் இல்லையே. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால், நான் சொன்னது அவரையும் சேர்த்துத்தான் என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமோ என்று பயந்து பேசாமல் இருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தெலுக் இந்தானுக்குப் போனார். "ஒரு வேல இருக்கு" என்றார், அவ்வளவுதான். நான் கோயிலுக்குக் கிளம்பும்போது அவர் காடியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். அடுத்த ஞாயிறும் போனார், அதற்கடுத்ததும் போனார். தொட்டியில் மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. குளிரில் செத்துப் போகின்றன, எனக்குத் தெரியாமல் எங்கேயோ புதைக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வாளி விஷயத்துக்குப் பிறகு மீனைப் பற்றிப் பேச எனக்கு வாய் ஏது?

தெலுக் இந்தான் வீட்டை அவர் விற்கவில்லை. பூட்டி வைத்திருந்தார். அதன் சாவி எங்கள் வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். கல்யாணமான புதிதில் அதை நான் சட்டையே செய்ததில்லை. இப்போது போகும்போதும் வரும்போதும் கண் அங்கேதான் போயிற்று.

சலிப்புப் பகுதியில் என் பக்கத்தில் நிற்கும் தோழியிடம் மட்டும் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தது என் தப்பு.

"கீழ உள்ளவுங்களுக்கு இந்தக் குளிரு ஒத்து வராதுக்கா. என் அண்ணி வீட்டுக்காரரும் இப்படித்தான், மொத வாராவாரம் போனாரு, அப்புறம் வரவே இல்ல" என்றாள். அவளை அன்று முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தேன்.

தனியாக இருந்தது எனக்குப் பழக்கம்தான். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு முறை ஆள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன நாற்காலியோடு இருப்பது வேறு. அந்த வீட்டில் நான் மறுபடியும் ஒற்றைத் தட்டு கழுவப் போகிறேன் என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பியபோது நல்ல மழை. வீட்டைத் திறந்தேன். தொட்டி காலி. ஒரு மீன் இல்லை. விளக்கு அணைந்திருந்தது, ஹீட்டர் ஒயர்கள் இரண்டையும் அழகாகச் சுருட்டி மேலே வைத்திருந்தார். திரும்பி ஆணியைப் பார்த்தேன். சாவியும் இல்லை.

போன் அடித்தேன், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தாப்பா ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அலமாரியைத் திறந்து பார்த்தேன். சட்டைகள் இருந்தன. சட்டை இருந்தால் என்ன, தெலுக் இந்தானில் சட்டை கிடைக்காதா என்று என் மனசே எனக்குப் பதில் சொன்னது. கோபம் வந்தால் நான் வீட்டைக் கழுவுவேன். அன்று கூடத்தைக் கழுவினேன், சமையலறையைக் கழுவினேன், காலித் தொட்டியின் கண்ணாடியைக்கூடத் துடைத்தேன். பின்கட்டில் தங்கமீன் ஒன்றும் நடக்காதது போல வாயைத் திறந்து திறந்து மூடியது. அதையும் திட்டினேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் காடிச் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும், மூன்றாவது கியரில் ஏறும்போது செருமும். அவர் மழையில் ஓடி வந்தார். கையில் காற்றடைத்த பிளாஸ்டிக் பை. உள்ளே ஒல்லியாக இரண்டு தங்கமீன்கள்.

"மரத்த வெட்டிச் சரி பண்ணித்தான் விட்டானுங்க. லேட்டாயிருச்சு. சூடா ஏதும் இருக்கா?" என்றார்.

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"மீனெல்லாம் எங்க?" என்று கேட்டேன். சாவி எங்கே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், தைரியம் வரவில்லை.

"கீழ. என் வீட்டுலதான். தம்பி மவன் கல்யாணம் கட்டப் போறான்ல, அவன் அங்க குடி வந்துட்டான். மீனுன்னா அவனுக்கும் உசிரு. புதுத் தொட்டி வச்சான். புதுத் தொட்டியில ஒரே நாள்ல எல்லாத்தையும் விட்டா தண்ணி தாங்காது. அதான் வாரத்துக்குக் கொஞ்சமா கொண்டு போயி விட்டேன். இன்னிக்குத்தான் முடிஞ்சுச்சு. எங்கிட்ட இருந்த சாவியையும் அவன்கிட்டயே குடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்ல என்னா இருக்கு? நீதான சொன்ன, ஒத்து வராதத கீழயே விடணும்னு. சரியாத்தான் சொன்ன. அதுங்க பாவம், இங்க நடுங்கிக்கிட்டு இருந்துச்சுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன், இந்த மனிதர் மீனுக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நன்றாக நாலு வார்த்தை திட்டினேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. மழைத் தண்ணீரைத் தலையிலிருந்து துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

பெரிய தொட்டி இனி என் தங்கமீனுக்கு என்றார். அதற்குத் துணையாகத்தான் இந்த இரண்டும். கடையில் உருண்டையாக, பட்டு வால் வைத்த அழகான ஜாதியும் இருந்ததாம். ஆனால் என்னுடையது ஒல்லி, வேகமாக நீந்துகிறது. உருண்டை மீன் அதோடு ஓட முடியாமல் பட்டினி கிடக்கும். அதனால் அதே உடம்பு, அதே வேகம் உள்ளதாகப் பொறுக்கி வாங்கி வந்திருக்கிறார். புதிதாக வந்தவற்றைக் கொஞ்ச நாள் தனியாக வைத்து நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்பதையும் சொன்னார். அதுவரை என்னுடையது பின்கட்டில்தான். பையை முதலில் அவிழ்க்காமல் கூடத்துத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டார். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டுமாம். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

"இதுங்க பெருசா வளரும்லா" என்றார். "இன்னும் ரெண்டு வருஷத்துல இந்தத் தொட்டி பத்தாது. பின்னால ஒரு குளம் வெட்டணும். துரைகிட்ட நீ கேக்குறியா, நான் கேக்கட்டா?"

இரண்டு வருஷம் கழித்து வெட்டப் போகிற குளத்துக்கு இப்போதே அனுமதி கேட்கிற மனிதர் எங்கேயும் போகப் போவதில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு முழுசாக உள்ளே போனது. இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"மீன் சரி. உங்களுக்கு? உங்களுக்கு இந்தக் குளிரு ஒத்துக்குதா?"

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பையின் முடிச்சை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னா, சுவெட்டர் போட்டுக்குவேன். மீனுக்குத்தான் போட முடியாது."

நான் உள்ளே போய்க் கெட்டிலைப் போட்டேன். ஹீட்டர் இல்லாததால் சுவிட்சு இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் தேநீர் போட்டேன்.